பழைய காருக்குப் பெரிய ஒயில் பம்ப் தேவையா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

வாப்பாவின் மொரிஸ் மைனர் எஞ்சினை இறக்கி முற்றத்தில் வைத்திருந்த படத்தைப் போட்டதிலிருந்து எங்களைக் காண்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பள்ளிவாசலில், சந்தையில், பாடசாலை வாசலில் பிள்ளையை இறக்கிவிட வந்த இடத்தில். "இறக்கினதுதான் இறக்கினீங்க, பெரிய பம்ப் ஒண்டு போட்டிருக்கலாமே?" ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தால் முதலாம் பாடம் முடிந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறோம். நாங்கள் என்பது காக்கா, தம்பி, மச்சான் என்று மூன்று பேர். மூன்று பேருமே மெக்கானிக் இல்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று விஞ்ஞானம் படிப்பிக்கிற கைதான் இதை எழுதுகிறது. ஆனால் ஐந்து மாதமாக ஒயில் பம்ப் தவிர வேறெதையும் வீட்டில் நாங்கள் பேசவில்லை என்று உம்மாவே சாட்சி சொல்வா.

முதலில் ஏன் இவ்வளவு கவலை என்று சொல்லவேண்டும். இந்தக் காரின் கிராங்க் ஷாஃப்ட் ஏற்கெனவே இரண்டு முறை கடையப்பட்டது. வாப்பாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. கார் வாங்கிய நாளிலிருந்து ஒயில் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் அதில் உண்டு. 1983இல் "கிராங்க் பத்து" என்று ஒரு வரி. 1996இல் "கிராங்க் முப்பது" என்று இன்னொரு வரி. பத்து என்றால் தண்டின் தேய்ந்த பகுதியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு மெலிதாகக் கடைந்து, அதற்கேற்ற தடித்த பெயாரிங் போட்டது என்று அர்த்தம். முப்பது என்றால் முப்பது பங்கு. இந்த எஞ்சினுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கடைசி அளவு நாற்பது. அதாவது எங்களிடம் மிச்சம் இருப்பது ஒரேயொரு கடைச்சல். ஒயில் இல்லாமல் பெயாரிங் ஒருமுறை பிடித்துவிட்டால் அந்த ஒன்றும் போய்விடும். அதற்கும் மேலே காயம் ஆழமாக விழுந்தால் எஞ்சினே முடிந்தது.

இன்னொன்று, இது வெறும் கார் இல்லை என்பது எங்கள் தெருவாருக்குத் தெரியும். பிரச்சினைக் காலத்தில் இரவில் வெளியே இறங்கவே ஆட்கள் பயந்த நேரத்தில், கண்ணாடியில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு வாப்பா பிள்ளைப்பேற்றுக்காரர்களை இந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதை வாசிக்கிற சிலர் பிறக்கப்போன பயணமே இந்தக் காரில்தான். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். இப்போது வாப்பாவுக்கு முழங்கால் சரியில்லை. முச்சக்கர வண்டியில் ஏறி இறங்க முடியாது. கிளினிக்குக்கும் ஜும்ஆவுக்கும் இந்தக் கார்தான்.

சென்ற வருடக் கடைசியில், கல்முனைக்குப் போய்வந்து வெயிலில் நிற்கும்போது ஒயில் விளக்கு மினுங்க ஆரம்பித்தது. ஓடும்போது அணைந்திருக்கும். சந்தியில் நிறுத்தினால் மினுங்கும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் அணையும்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கெட்டி ஒயில் ஊற்றச் சொன்னார். ஒருவர் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைக்கச் சொன்னார். ஒருவர் எஞ்சினையே தூக்கிப் போட்டுவிட்டு டட்சன் எஞ்சின் ஏற்றச் சொன்னார். ஒரு கராஜில், விளக்கின் வயரைக் கழற்றிவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும் என்றார்கள். பகிடிக்குச் சொன்னார்களா உண்மையாகவா என்று இன்றுவரை விளங்கவில்லை. பெரும்பான்மையானவர்கள் சொன்னது பெரிய பம்ப். இணையத்தில் தேடினாலும் அதுதான் கண்ணில் படுகிறது: கூடிய கொள்ளளவு, கூடிய அழுத்தம், பந்தயக் கார்களுக்கு உகந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஒயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஒயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஒயில் வெளியேற எவ்வளவு சிரமப்படுகிறதோ அதுதான் அழுத்தம். நமது வட்டைகளில் இதைக் காணாதவர் இல்லை. தண்ணீர்ப் பம்பின் ஹோஸை வெறுமனே வாய்க்காலில் விட்டால் தண்ணீர் சும்மா ஓடும். நுனியைப் பிடித்து நெருக்கினால் பீய்ச்சி அடிக்கும். பம்ப் அதே பம்ப்தான், நெருக்கடிதான் வேறு. (வயல் பம்ப் விசிறியால் தள்ளுகிற இனம், ஒயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை என்று அளந்து தள்ளுகிற இனம். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் இந்த விளக்கத்துக்கு அந்த வித்தியாசம் தடையில்லை.)

எஞ்சினுக்குள்ளே நுனியைப் பிடித்து நெருக்குகிற கை எது? கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி. மைனர் எஞ்சினில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டரைப் பங்கு வரை. தலைமயிரைவிட மெல்லிது. அந்த இடுக்கு வழியாகத்தான் ஒயில் கசிந்து வெளியே வரவேண்டும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அதே ஒயில், அதே அழுத்தம் என்று வைத்தால், அப்படியான இடுக்கில் பாய்கிற அளவு இடைவெளியின் கனத்தோடு கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கில்லை, எட்டு மடங்கு. இந்த இடத்தில் தரம் 10 பிள்ளைகள் "சேர், எட்டா?" என்று கேட்பார்கள். ஆமாம், இரண்டு தர இரண்டு தர இரண்டு.

அதனால் தேய்ந்த பெயாரிங் உள்ள எஞ்சினுக்குப் பெரிய பம்ப் போடுவது, வரம்பெல்லாம் நண்டு வளை இருக்கிற வயலுக்குப் பெரிய பம்ப் வாங்கின மாதிரி. முன்பு மூன்று இஞ்சி நிற்காத தண்ணீர் இப்போது நான்கு இஞ்சி நிற்கலாம். வளை அப்படியேதான் இருக்கிறது, நாளுக்கு நாள் அகலிக்கொண்டும் இருக்கிறது. கார் விஷயத்தில் இன்னும் மோசம். அந்தக் கொஞ்ச அழுத்தத்தில் விளக்கு அணைந்துவிடும். நாங்களும் சுகம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டேயிருப்போம். மிச்சமிருந்த ஒரேயொரு கடைச்சலும் ஒருநாள் சத்தமில்லாமல் போகும். எங்களுக்கு இதில்தான் பயம். வாப்பா எங்களைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "என்னத்தையும் மாத்துங்க மகன். அந்த லைட்டப் பொய் சொல்ல மட்டும் வெச்சிராதீங்க."

மொரிஸ் மைனர் 1948இல் வந்த கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியை வடிவமைத்தவரும் அவரே. பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். இலங்கையில் அது எத்தனை தலைமுறைக்கு டொக்டர்மாரின், ஆசிரியர்மாரின் காராக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ள்ஸ் வெயர் என்பவர், அந்தக் காரின் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே எடுப்பித்தார் என்றால் பாருங்கள். நமது ஆட்களின் தகரவேலை அவ்வளவு நல்லது.

ஏ சீரிஸ் எஞ்சின் மைனருக்கு 1950களில் வந்தது. முதலில் 803 சிசி, பிறகு 1956இல் 948, 1962இல் 1098. எங்களது 1098. அந்த எஞ்சின் குடும்பம் 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை மினியில் ஓடியது. அரை நூற்றாண்டு. இது நமக்குப் பெரிய வாய்ப்பு. மினி வைத்திருப்பவர்கள் உலகமெல்லாம் இருப்பதால் ஏ சீரிஸ் பம்ப் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது.

ஆனால் அந்தப் பம்பை வைத்த இடம்தான் சோதனை. கேம் ஷாஃப்ட்டின் பின் நுனியில், ஃப்ளைவீலுக்கும் பின்தகட்டுக்கும் அந்தப் பக்கம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பம்பைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினை இறக்கி, கிளச் கழற்றி, ஃப்ளைவீல் கழற்றி, பின்தகட்டையும் கழற்ற வேண்டும். பம்பின் விலையைவிட இறக்கி ஏற்றுகிற கூலி கூட. அதனால்தான் "சும்மா பம்ப்ப மாத்திப் பாப்பம்" என்பது மைனருக்குச் சரிவராது.

மற்றக் கார்களில் அப்படியில்லை. நம்மூர்ப் பக்கம் இன்னும் சில ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் இருக்கின்றன. அதன் பி சீரிஸ் எஞ்சினில் பம்ப் அடியில், சம்ப்புக்குள்ளே. சம்ப்பைக் கழற்றினால் கையில் வரும். டட்சன் 1200 எஞ்சினில் இன்னும் வசதி. பம்ப் பிளொக்கின் வெளிப்பக்கத்தில் பூட்டியிருக்கிறது, எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். மைனருக்கு டட்சன் எஞ்சின் ஏற்றியவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களைக் குறைசொல்ல மாட்டோம். ஓட்ட ஒரு கார் வேண்டும் என்கிறவருக்கு அது நல்ல வழி. வாப்பா விரும்பவில்லை, அவருடைய கார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள்தான் இந்தப் பெரிய பம்ப் ஆசையில் அதிகம் மாட்டுகிறார்கள். அதில் பம்ப் கேம் ஷாஃப்ட்டின் ஒரு முனையில், கப்பிக்குப் பக்கத்தில் இருப்பதால் எஞ்சின் காரிலேயே இருக்க மாற்றிவிடலாம். இலகுவாக மாற்றலாம் என்றால் ஆசையும் இலகுவாக வரும். 26 மில்லிமீற்றர் பல்லுக்குப் பதிலாக 30 மில்லிமீற்றர் பல் உள்ளதை வாங்கிப் போடுவார்கள். கல்முனைப் பக்கத்து நண்பர் ஒருவர் அப்படித்தான் போட்டார். காலையில் ஒயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் நேரத்தில் ஸ்டார்ட் பண்ணி உடனே முறுக்க, அழுத்தம் ஏறி ஒயில் கூலரின் சீல் போய்விட்டது. ஒயில் முழுவதும் தரையில். சாதாரண எஞ்சினுக்கு அந்தப் பம்ப் தேவையே இல்லை. வெளியே தனியான கூலரும் ஃபில்டரும் நீளக் குழாய்களும் போட்டவர்களுக்குத்தான் அது வேண்டும். பீட்டிலில் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். 1970களின் ஆரம்பத்தில் கேம் கியரின் வடிவம் மாறியது. முன்னையது தட்டை, பின்னையது குழிவு. ஒன்றுக்குரிய பம்பை மற்றதில் போட்டால் சரியாக உட்காராது.

மைனரிலும் அதே மாதிரி ஒரு பொறி உண்டு. கேம் ஷாஃப்ட் பம்பைச் சுற்றுகிற விதம் ஏ சீரிஸில் மூன்று வகை: ஊசி வகை, வெட்டு வகை, நட்சத்திர வகை. பழைய எஞ்சின்களில் ஊசி. பிறகு வெட்டு. கூப்பர் எஸ் போன்ற பலமான எஞ்சின்களில் நட்சத்திரம். கடையில் "மைனர் பம்ப்" என்று கேட்டால் எதையாவது தருவார்கள். அறுபது வருடத்தில் எத்தனை பேர் எதை மாற்றியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எஞ்சினைத் திறந்து கேம் ஷாஃப்ட்டின் நுனியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பம்புக்குக் காசு கொடுக்க வேண்டும். பஞ்சிகாவத்தைக்குப் போன தம்பி பழைய பம்பையே துணியில் சுற்றிக் கையில் கொண்டுபோனான். மூன்று கடையில் மூன்று விதமான பம்ப் காட்டினார்கள், ஒன்றுதான் பொருந்தியது.

பம்புக்குள்ளே இருப்பதும் ஒரே மாதிரியில்லை. மைனருக்குக் கொம்பனியே இரண்டு விதம் போட்டது. ஒன்று ஹோபோர்ன் ஈட்டன். அதில் நான்கு முனையுள்ள ஒரு சுழலி, ஐந்து குழியுள்ள வளையத்துக்குள் ஒருபக்கம் சாய்ந்து சுற்றும். முனை குழியை விட்டு விலகும்போது ஒயிலை உறிஞ்சும், மறுபடி நெருங்கும்போது தள்ளும். மற்றது பேர்மன். அதில் சுழலிக்குள் தகடுகள் வழுக்கிக்கொண்டே சுற்றும். ஒன்றை எடுத்த இடத்தில் மற்றதைப் போடலாம். எங்கள் காரில் இருந்தது சுழலி வகை. எங்கள் எண்ணத்தில் அதுவே நல்லது, அசையும் துண்டுகள் குறைவு.

இந்தப் பம்ப் நேரே கேம் ஷாஃப்ட்டில் ஓடுகிறது. கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் நின்று இயங்கினால் பம்ப் 350 சுற்று. அந்த நேரத்தில் ஒயிலும் சூடாகி நீர்த்திருக்கும். எஞ்சினுக்கு மிகக் கஷ்டமான நேரம் சந்தியில் நிற்கிற நேரம்தான், வேகமாக ஓடுகிற நேரம் இல்லை. விளக்கு அங்கே மினுங்கியதன் காரணம் இது.

வேகமாக ஓடும்போது என்ன நடக்கும்? அழுத்தம் சுமார் 60 இறாத்தலுக்கு வந்ததும் ரிலீஃப் வால்வ் திறந்து மிச்ச ஒயிலைச் சம்ப்புக்கே திருப்பிவிடும். (இறாத்தல் என்றால் டயருக்குக் காற்று அடிக்கும்போது சொல்கிற அதே கணக்கு.) நல்ல எஞ்சினுக்குப் பெரிய பம்ப் போட்டால் அந்த மேலதிக ஒயில் எல்லாம் இந்த வால்வ் வழியாகத் திரும்பி வரும். சும்மா தள்ளி, சும்மா திருப்பி, ஒயிலைச் சூடாக்கி, எஞ்சினின் பலத்திலும் கொஞ்சம் தின்னும். பந்தயம் ஓடுகிறவர் பெயாரிங் இடைவெளியைத் தெரிந்தே கொஞ்சம் கூட்டி வைப்பார், உயர்ந்த வேகத்தில் ஓட்டுவார், கூலர் பூட்டுவார். அவருக்குப் பெரிய பம்ப் தேவை. வாப்பா மணிக்கு 35 மைல் தாண்டமாட்டார்.

ஆகவே நாங்கள் பம்பில் தொடங்கவில்லை. அளப்பதில் தொடங்கினோம்.

விளக்கு என்பது ஆம், இல்லை என்று இரண்டு சொல் மட்டும் தெரிந்த சாமான். அது எரிகிற நேரம் அழுத்தம் ஏறக்குறைய முடிந்திருக்கும். எனவே அதன் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் ஊசி உள்ள அழுத்தமானி ஒன்றைப் பூட்டினோம். காரை அட்டாளைச்சேனை தாண்டி நிந்தவூர் வரை ஓட்டி, நன்றாகச் சூடாக்கி அளந்தோம். காலையில் குளிரில் 60. சூட்டில் 35 மைல் வேகத்தில் 30. சூட்டில் நின்று இயங்கும்போது 7. கைநூல்படி ஓட்டத்தில் 60 அளவும், நின்று இயங்கும்போது குறைந்தது 15உம் இருக்க வேண்டும்.

குளிரில் 60 வந்தது ஒரு நல்ல செய்தி. வால்வ் சிக்கியிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ குளிரிலும் அது ஏறியிருக்காது. இருந்தாலும் வால்வைத் திறந்து பார்த்தோம். அது வெளியிலிருந்தே கழற்றக்கூடிய நட் ஒன்றுக்குப் பின்னால் இருக்கிறது, செலவில்லை. ஸ்பிரிங்கின் நீளம் 2.86 அங்குலம் இருக்க வேண்டும், ஏறக்குறைய இருந்தது. வாஷர் வைக்கச் சொன்னவர்களுக்கு இங்கே ஒரு பதில்: வாஷர் வைத்தால் வால்வ் திறக்கிற அழுத்தம்தான் கூடும். 7 இறாத்தலில் அந்த வால்வ் திறக்கவே இல்லையே. மூடிக் கிடக்கிற கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டு என்ன பலன்?

பிறகு ஒயில். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் கிடைத்ததை ஊற்றிய வீடு எங்களதும்தான். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு ஒயிலின் இலக்கம் பார்க்க எங்கே நேரம்? இப்போதைய கார்களுக்குரிய மெல்லிய ஒயில் இப்படியான எஞ்சினுக்குச் சரிவராது. 20டபிள்யூ-50 ஊற்றி மறுபடி அளந்தோம். நின்று இயங்கும்போது 7 என்பது 10 ஆனது. நல்லது, ஆனால் போதாது. இதைவிடக் கெட்டி ஒயில் ஊற்றினால் ஊசி இன்னும் ஏறும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மேலே வால்வுகளுக்கு ஒயில் போய்ச் சேர நேரமெடுக்கும். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு, நோன்புப் பெருநாள் விடுமுறையில், எஞ்சினை இறக்கினோம்.

இறக்கியவர் எழுபது தாண்டிய மெக்கானிக் காக்கா ஒருவர். பெயர் போட வேண்டாம் என்றார். மைனர் எஞ்சினை மனப்பாடமாகத் தெரிந்தவர். இப்போது கண் பார்வை குறைவு, விரலால் தடவித்தான் பார்க்கிறார். சம்ப்பைக் கழற்றியதும் வடியைப் பார்த்தோம், அடைப்பில்லை. உறிஞ்சு குழாயின் மூட்டும் இறுக்கம்தான். அங்கே காற்று இழுத்தாலும் அழுத்தம் குறையும், அதனால் பார்க்க வேண்டிய இடம். பெயாரிங்கைக் கழற்றிக் கையில் வைத்தபோது பதில் கிடைத்துவிட்டது. சாம்பல் நிற மேற்பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. காக்கா அதை விரலால் ஒருதரம் தடவினார். "இதுதான் மகன். பம்ப் இல்ல."

பம்பையும் அளந்தோம். சுழலியின் முனைக்கும் வளையத்துக்கும் இடையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்குக்கு மேல் போகக்கூடாது. எங்களதில் ஏழு. சுழலிக்கும் மூடிக்கும் இடையில் ஐந்து போகக்கூடாது. எங்களதில் ஐந்தேதான். வளையத்துக்கும் உடலுக்கும் இடையில் பத்து வரை இருக்கலாம், அது நன்றாகவே இருந்தது. ஆக, பம்ப் வயதாளிதான், ஆனால் குற்றவாளி இல்லை.

கிராங்க் ஷாஃப்ட்டை லேத்துக்குக் கொண்டுபோன அன்றுதான் எங்களுக்கு மூச்சு முட்டியது. மைக்ரோமீற்றர் வைத்து அவர் ஒவ்வொரு இடமாக அளக்க, மூன்று பேரும் வாய் திறக்காமல் நின்றோம். இரண்டாம் சிலிண்டரின் இடத்தில் இரண்டு தரம் அளந்தார். கடைய வேண்டியதில்லை, மினுக்கினால் போதும் என்றார். அல்ஹம்துலில்லாஹ். முப்பது முப்பதாகவே நின்றது. நாற்பது இன்னும் கைவசம் இருக்கிறது. அன்று இரவு வாப்பா அந்தக் கொப்பியை எடுத்து அவரே எழுதினார்: "கிராங்க் முப்பது, மினுக்கியது."

முப்பது அளவில் புதிய பெயாரிங், புதிய பம்ப். பெரிய பம்ப் இல்லை, கொம்பனி அளவுதான். பம்ப் குற்றவாளி இல்லையென்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பீர்கள். எஞ்சின் இறக்கிக் கிடக்கிறது. பின்தகடு கழன்று கிடக்கிறது. பம்ப் தன் எல்லையில் நிற்கிறது. இரண்டு வருடத்தில் அதற்காக மறுபடி இறக்கினால் கூலி மட்டும் பம்பின் விலையைத் தாண்டும். நாங்கள் "தரம் உயர்த்தியது" என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அழுத்தமானியைத் திருப்பிக் கழற்றாமல் டாஷ்போர்டின் கீழே நிரந்தரமாகப் பூட்டினோம். விளக்கையும் ஒரு மூன்று வழிக் குழாய்த் துண்டு போட்டு அப்படியே வைத்திருக்கிறோம்.

புதிய பம்பை வைக்கும்போது ஒரு விஷயம் கட்டாயம். வறண்ட பம்ப் ஒயிலை உறிஞ்சாது. சுழலிக்குள் ஒயிலை நிறைத்துத்தான் பூட்ட வேண்டும். சிலர் வாஸலின் நிறைப்பார்கள், அதுவும் சரி, பிறகு ஒயிலோடு கரைந்துவிடும். ஏற்றி முடிந்ததும் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, எஞ்சினை வெறுமனே ஸ்டார்ட்டரில் சுற்றி, அழுத்தமானியின் ஊசி ஏறுகிறதைக் கண்ட பிறகுதான் பிளக்கைப் பூட்ட வேண்டும். எங்களுக்கு ஊசி ஏற நேரமெடுத்தது. பட்டறியைத் தேறவிட்டுத் தேறவிட்டு ஐந்து முறை சுற்றினோம். ஐந்தாம் முறை ஊசி சட்டென்று 40க்குப் போனது. மச்சான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மதிலேறின.

இப்போது ஐந்நூறு மைல் ஓடி முடிந்து, ஒயிலை ஒருமுறை மாற்றி, மறுபடி அளந்தோம். சூட்டில் 35 மைல் வேகத்தில் 55. நின்று இயங்கும்போது 22. ஓகஸ்ட் வெயிலில், கல்முனை நெரிசலில் நின்றபோதும் 20க்குக் கீழே வரவில்லை.

விற்கலாமே என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. எங்களிடம் இருக்கிற காரை ஓடவைப்பதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும் கார். பழைய வாகனம் வைத்திருக்கிற நம்மூர் ஆட்கள் பலருக்கும் அதே நிலைமைதான் என்று நினைக்கிறோம்.

முதலில் வாங்கிய அழுத்தமானி இப்போது சும்மா இருக்கிறது. குழாயும் பொருத்துகிற நிப்பிளும் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். மைனரோ, கேம்பிரிட்ஜோ, பீட்டிலோ, விளக்கு மினுங்கினால் பம்புக்குக் காசு கொடுக்க முன்னர் வந்து கொண்டுபோய் அளந்து பாருங்கள். அஸருக்குப் பிறகு யாராவது ஒருவர் வீட்டில் இருப்போம். வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள், அன்று வாப்பா காரைத் துடைக்கிற நாள், பேச்சில் பிடித்தால் மஃரிபுக்குத்தான் விடுவார்.